கலிஃபோர்னியாவில் பிறந்திருந்தால்?

வேறு ஊரில், வேறு வீட்டில் பிறந்திருக்கலாமே என்று ஒருமுறையாவது பெருமூச்சு விடாதவர் அரிது. அந்தப் பெருமூச்சை எவ்வளவு நம்பலாம் என்று டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆய்வு வெளியானது 1998இல்.

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் குளிர்காலம் வந்தால், பனியை வாரித் தள்ளினால்தான் கார் நகரும். தெற்குக் கலிஃபோர்னியாவிலோ டிசம்பரிலும் இதமான வெயில். இரு பகுதிக் கல்லூரி மாணவர்களில் சிலரிடம் அவர்களுடைய வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். மற்றவர்களிடம், தங்களைப் போன்ற ஒருவர் இங்கேயோ அங்கேயோ வாழ்ந்தால் எவ்வளவு திருப்தியாக இருப்பார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். கலிஃபோர்னியாக்காரருக்கே திருப்தி கூடுதல் என்றது இரு பக்கத்து ஊகமும். ஆனால் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னவர்களிடம் அப்படி ஒரு வேறுபாடே இல்லை! கலிஃபோர்னியாக்காரர்களுக்குத் தங்கள் வெயில் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஏன் இந்தப் பிசகு? இரண்டு வாழ்க்கைகளை ஒப்பிடும்போது மனம் அவற்றுக்கு இடையில் மாறுபடுவதை மட்டும் எடுத்துத் தராசில் வைக்கிறது. கடற்கரை ஏறுகிறது, பனி ஏறுகிறது. தேர்வு, வீட்டு வாடகை, பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நண்பன் ஆகியவை இரு ஊருக்கும் பொது என்பதால் கணக்கிலேயே வருவதில்லை. வாழும்போதோ நம் கவனத்தைத் தின்பவை இவைதாம்.

இன்னொன்றும் உண்டு. நடுமேற்குக்காரர் தன் பனிக்கால நினைவுகளை மூட்டை கட்டிக்கொண்டுதான் கற்பனைக் கலிஃபோர்னியாவுக்குள் நுழைகிறார். வெயில் அவருக்கு இனிப்பது அந்த மூட்டையால். அங்கேயே பிறந்த குழந்தையிடம் அது கிடையாது.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்று இதை வைத்து முடிவுகட்டுவோரும் உண்டு. 1978இல் ஃபிலிப் பிரிக்மன் குழுவினர் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டு, மகிழ்ச்சியில் பெரிய வேறுபாடு இல்லை என்றார்கள். வெறும் 22 பேர்! பின்னாளில் சுவீடனில் மிகப் பெரிய அளவில் நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது: பரிசு விழுந்து பல ஆண்டுகள் கழிந்தும் வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி உயர்ந்தே இருந்தது. ஜெர்மனியில் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில், வேலையிழந்தவர்கள் மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய திருப்திக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஆகவே வெயிலுக்காக ஏங்குபவரிடம் கலிஃபோர்னிய ஆய்வைக் காட்டலாம். வறுமையில் பிறந்து வேறு பிறப்பை விரும்புபவரிடம் அதை நீட்டுவது அடாவடி. அவருடைய கணக்கில் பிசகில்லை.