‘டேக் ஓவர்’: எடுத்ததா, ஏற்றதா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று எங்கே தேயிலைத் தோட்ட வரலாறு பேசினாலும் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது: “1975இல் அரசாங்கம் தோட்டங்களைப் பொறுப்பேற்றது.” ஆங்கிலத்தில் ‘டேக் ஓவர்’ என்று இருந்ததற்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை யாரோ எழுதிவிட்டார்கள். மற்றவர்கள் அதையே படியெடுக்கிறார்கள்.

‘டேக்’ பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது; எடுத்தல், பிடித்தல் என்று பொருள். ‘ஓவர்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். சேர்ந்தால், ஒருவர் கையில் இருந்தது இன்னொருவர் கைக்கு மாறுகிறது. விரும்பிக் கொடுத்தார்களா, பறித்தார்களா என்பதை ஆங்கிலச் சொல் சொல்லாது. தமிழில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பொறுப்பேற்றல் என்றால் ஒரு கடமையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வது. புதிய அதிபர் பாடசாலையைப் பொறுப்பேற்கிறார், சரி. ஆனால் 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்து மிச்சத்தை எடுத்தது. 1975இல் வந்த திருத்தம் ஸ்டெர்லிங் கம்பெனிகளின், அதாவது பிரித்தானியக் கம்பெனிகளின், தோட்டங்களையும் எடுத்தது. காணியின் உரிமையே கைமாறியது. அந்த மண்ணில் கொழுந்து பறித்தவர்களில் பலர் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். அவர்களுடைய பொறுப்பை அன்று யார் ஏற்றார்கள்? இந்த மொழிபெயர்ப்பு, நடக்காத ஒரு நல்ல காரியத்தை அரசின் கணக்கில் எழுதிவிடுகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

சிலர் ‘சுவீகரித்தது’ என்கிறார்கள். இலங்கையில் காணிக் கடிதங்களில் புழங்கும் சொல்தான். ஆனால் சுவீகாரப் பிள்ளை என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது தத்தெடுத்ததாகத்தான் படும். தமிழ்நாட்டுச் செய்திகளில் வரும் ‘கையகப்படுத்தல்’ பொருளில் சரி, நாவுக்குத்தான் கனம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பெரியவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. “கவர்மெண்ட் எடுத்துக்கிருச்சு” என்பார்கள். எழுத்தில் ‘எடுத்துக்கொண்டது’ போதும். சட்டத்தோடு பேசினால் ‘அரசுடைமையாக்கியது’.

1992 வேறு கதை. அந்த ஆண்டு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது நிர்வாகம்தான்; நிலத்தின் உரிமை அரசிடமே இருந்தது. அங்கே ‘நிர்வாகத்தைப் பொறுப்பேற்றன’ என்று தாராளமாக எழுதலாம். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினையைப் போடுகிறது என்பதற்காக நாமும் போட்டால், எதை எடுத்தார்கள், எதை ஏற்றார்கள் என்பது வாசிக்கிற பிள்ளைக்கு விளங்காமலே போகும்.

‘டேக் ஓவர்’ வரும் மற்ற இடங்களிலும் இதே கூத்துத்தான். தமிழில் இராணுவம் ஆட்சியைக் ‘கைப்பற்றும்’. ஒரு கம்பெனி இன்னொன்றை ‘வாங்கிவிடும்’. பெக்டரியில் இரவு ஷிப்ட்காரர் வந்து பகல்காரரை ‘மாற்றிவிடுவார்’. களை மிஞ்சினால் ‘மலை காடாகிவிட்டது’ என்போம். அதையும் “களைகள் தேயிலை மலையை ஆக்கிரமித்துப் பொறுப்பேற்றன” என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளர், ஒருமுறையாவது தன் வாக்கியத்தை வாய்விட்டு வாசித்துப் பார்க்கக் கூடாதா?