"ஓகே" காட்டிய கை

ஓகஸ்ட் மாதம், கிழக்கில் கடல் தெளிந்திருக்கும் காலம். 16 மீற்றர் ஆழத்தில், என்னோடு சுழியோடிக்கொண்டிருந்த இளைஞரிடம் கைச்சைகையால் "ஓகேயா?" என்று கேட்டேன். விரல்களை வளையமாக்கி "ஓகே" என்றார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு மேலே பாய்ந்தார். காலைப் பிடித்து நிறுத்தி, என்னுடைய இரண்டாவது ரெகுலேட்டரை அவர் வாயில் வைத்தேன். அவருடைய சிலிண்டரில் எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் அழுத்தமானி பூச்சியத்தில் நின்றது.

வள்ளத்தில் ஏறியதும் எல்லாரும் அவரைத்தான் ஏசினார்கள். பிழை என்னிலும் இருந்தது. "ஓகேயா" என்று கேட்டால் யாரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். பயந்திருப்பவர் இன்னும் விரைவாகச் சொல்வார். "எத்தனை பார்?" என்று, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் அலகில் கேட்டால் மானியைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. அன்றிலிருந்து நான் எண்ணைத்தான் கேட்கிறேன். 200 பாருடன் இறங்கினால் 100 இல் திரும்புவோம். 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று, 50 மிஞ்சியிருக்கவே வள்ளத்தில் ஏறிவிடுவோம்.

அன்று அந்த இளைஞர் மூச்சை அடக்கியபடி மேலே போயிருந்தால்? 16 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் 2.6 மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வர வர அத்தனை மடங்கு விரியப் பார்க்கும். வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரல் கிழியும், காற்றுக்குமிழி இரத்தத்தோடு மூளைக்குப் போகும். நீச்சல் குளத்து ஆழமே இதற்குப் போதும்.

டான் என்ற சுழியோடிகள் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 சுழியோடி மரணங்களை ஆராய்ந்தார்கள். தொடக்கக் காரணம் தெரிந்தவற்றில் 41 வீதமானவை காற்றுப் போதாமல் தொடங்கியவை. நம் ஊரில் "நீரில் மூழ்கி மரணம்" என்று எழுதி மூடிவிடுகிறோம். காற்று ஏன் தீர்ந்தது, கடைசியாக மானியைப் பார்த்தது எப்போது என்று யாரும் கேட்பதில்லை. மயிரிழையில் தப்பியவர்களோ வெட்கத்தில் வாயே திறப்பதில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது கடலட்டைக்கு இறங்கும் பிள்ளைகளை நினைத்துத்தான். ஒரே நாளில் நாலைந்து சிலிண்டர். இடையில் போதிய ஓய்வில்லை, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு எச்சரிக்கும் டைவ் கம்பியூட்டர் கையில் இல்லை. உடம்பில் கரைந்த நைதரசன் ஆறுதலாக வெளியேற நேரம் கிடைக்காமல் குமிழியாகிறது. மூட்டு வலிக்கும், கால் விறைக்கும், சலம் போகாது. "களைப்புத்தான், எண்ணெய் பூசினால் சரி" என்று படுத்துவிடுகிறார்கள். சிலர் வலி போகுமென்று திரும்பவும் கடலில் இறங்குகிறார்கள். இரண்டு நாள் அப்படிப் படுத்துக் கிடந்துவிட்டு, நடக்க முடியாமல் தூக்கி வரப்பட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வயது.

சம்மாட்டிமாரே, வள்ளத்தில் ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று வையுங்கள். அறிகுறி தெரிந்ததும் ஆளைப் படுக்கவைத்து ஒட்சிசன் கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திருகோணமலையில் கடற்படையிடம், காற்றழுத்தத்தை ஏற்றிக் குமிழிகளைச் சுருக்கும் அழுத்த அறை இருக்கிறது. எவ்வளவு விரைவாக அதற்குள் போகிறாரோ அவ்வளவுக்குக் கால் திரும்பும். சட்டத்துக்குப் பயந்து, வழுக்கி விழுந்தார் என்று டொக்டரிடம் சொல்லாதீர்கள். நாரிப்பிடிப்பென்று மாத்திரை தந்து அனுப்பிவிடுவார். சிலிண்டர் போட்டு இறங்கினவர், இத்தனை மீற்றர், இத்தனை தரம், கடைசியாக மேலே வந்தது இத்தனை மணிக்கு: இதை முதலில் சொல்லுங்கள்.