டிஸ்ட்ரோ: தமிழில் வழங்கல்

லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் சொல் டிஸ்ட்ரோ. ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதன் செல்லச் சுருக்கம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது லினக்ஸின் கெர்னல் என்னும் கருவை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது. கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல், இன்ஸ்டாலர், செயலிகள், டெஸ்க்டாப் என வேண்டியதைப் பொறுக்கியெடுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்து, கருவோடு சேர்த்துக் கையில் தருவதுதான் டிஸ்ட்ரோ. 1993-இல் பிறந்த ஸ்லாக்வேரும் டெபியனும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

சொல் லினக்ஸைவிட மூத்தது. 1970-களின் பிற்பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கான நிரல்களைக் காந்த நாடாவில் பதிந்து, கேட்டவர்களுக்கு அனுப்பினார்கள். அந்தத் தொகுப்பின் பெயரான பிஎஸ்டி (பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்) என்பதில் கடைசியாக வரும் ‘டி’ இந்த டிஸ்ட்ரிபியூஷன்தான். அனுப்பும் வேலையின் பெயர் அனுப்பிய பொருளுக்கே ஒட்டிக்கொண்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? விநியோகம் என்றால் பால் வண்டி நினைவுக்கு வருகிறது. பகிர்மானத்தை மின்வாரியம் எடுத்துக்கொண்டது, பரவலைப் புள்ளியியல். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் எழுதும் ‘வழங்கல்’தான் சரி என்பேன். பொரியல், வற்றல் போல இதுவும் தொழிலாகு பெயர். செயலின் பெயரே பொருளுக்கும் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் நடந்ததும் இதுதானே!

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் வழங்கலின் குணம் இருக்கிறது. டைனி கோர் என்னும் வழங்கலைப் பாருங்கள். ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தொடங்கியது. டெஸ்க்டாப்போடு சேர்த்தே சுமார் 25 எம்பிக்குள் அடங்கிவிடும். பிரவுசர் கிடையாது, வைஃபை கிடையாது. முழுவதும் ரேமில் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புத்தம் புதிதாக எழும். நாம் மாற்றிய ஒரு செட்டிங் அடுத்த முறையும் இருக்க வேண்டுமா? அந்தக் கோப்பு பேக்கப் பட்டியலில் இருக்க வேண்டும். நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு (ஃபோல்டர்) முதலிலிருந்தே பட்டியலில் உண்டு. கணினியின் செட்டிங் கோப்புகள் இருக்கும் எடிசி (/etc) அடைவில் கைவைத்தால் நாமேதான் சேர்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் தலையைச் சொறிவது இங்கேதான்.

ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் வேறு மாதிரி. பெயர் அவருடைய நாயுடையது. பலமுறை எழுதிச் சேர்க்கக்கூடிய மல்டிசெஷன் சிடியிலிருந்து ஓடி, செய்த வேலையை அதே சிடியில் எழுதி வைக்கவும் அதனால் முடிந்தது. கோபோலினக்ஸோ ஒவ்வொரு செயலிக்கும் தனி அடைவு கொடுத்து, யூனிக்ஸின் பழைய அடைவு அமைப்பையே கண்ணில் படாமல் மறைத்துவிடும்.

அப்புறம், வழங்கல் வேறு, பதிப்பு வேறு. உபுண்டு ஒரு வழங்கல், 24.04 அதன் பதிப்பு.