படுத்த சுழல், எழுந்து நிற்கும் சுழல்

"சுழல் இருக்கு, இறங்காதே" என்ற பேச்சை ஆற்றங்கரையில் வளர்ந்த எல்லோருமே கேட்டிருப்போம். பாறையும் நுரையுமாக ஓடும் காட்டாறுகளில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் "எந்தச் சுழல்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஏனென்றால் ஒரு வகைச் சுழலைத் தேடிப் போய் அதில் இளைப்பாறுவார்கள், இன்னொரு வகையைக் கண்டால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்துவிடுவார்கள்.

ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும்போது, கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில் சாலிப்புழைக் கரையில் நின்றால் இரண்டையும் பார்க்கலாம். மலபார் ரிவர் ஃபெஸ்டிவலுக்காகப் பல நாட்டு கயாக்காரர்கள் வந்து இறங்கும் ஆறு அது.

முதலில் படுத்த சுழல். நீருக்கு மேல் தலை நீட்டும் பாறையில் மோதி ஆறு இரண்டாகப் பிரிகிறது. பாறையின் முதுகுக்குப் பின்னால் நீர்மட்டம் கொஞ்சம் தாழ்கிறது, அந்தப் பள்ளத்தை நிரப்ப நீர் பாறையை நோக்கித் திரும்பி வருகிறது. இதை எடி என்பார்கள். உள்ளே போன படகு அப்படியே நிற்கும், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த இறக்கத்தைப் பார்த்துத் திட்டமிடலாம். நுழையும் இடத்தில்தான் கவனம் வேண்டும்: படகின் மூக்கு எதிரோட்டத்திலும் வால் பழைய ஓட்டத்திலும் இருக்கும் அந்த நொடியில், பைக்கில் வளைவு திரும்புவது மாதிரி திரும்பும் பக்கமாகச் சாய வேண்டும். சாயாவிட்டால் புது ஓட்டம் படகின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும்.

அதே பாறை நீருக்குள் மூழ்கியிருந்தால் கதையே வேறு. நீர் அதன்மேல் ஏறி மறுபக்கம் விழுகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் அடியைத் தொடும்போது வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். அந்த வேகத்தோடு அடியில் பாய்ந்து போய்விடுகிறது. மேற்பரப்பில் உள்ள நீரோ பின்னோக்கிச் சரிந்து, விழும் நீரின் காலடிக்கே வந்து சேர்கிறது. செங்குத்தாகச் சுற்றும் இந்தச் சக்கரத்துக்கு ஹோல் என்று பெயர். மிதக்கிற எதையும் இது திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும்.

மிதக்க லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று தோன்றும். நல்ல ஜாக்கெட் சுமார் 70 நியூட்டன், அதாவது 7 கிலோ அளவுக்குத் தூக்கும். சாதாரண நீரில் அது தாராளம், ஏனென்றால் மனித உடல் ஏற்கெனவே கிட்டத்தட்ட மிதக்கிற நிலையில்தான் இருக்கிறது. ஆனால் நுரை வெள்ளையாகத் தெரிவதே அதில் காற்று கலந்திருப்பதால்தான். பத்தில் நான்கு பங்கு காற்று என்று வைத்துக்கொண்டால், 70 லிட்டர் கொள்ளளவும் ஏறக்குறைய 70 கிலோ எடையும் உள்ள உடலை அந்த நுரை 42 கிலோ அளவுக்குத்தான் தாங்கும். மீதி 28 கிலோவை எந்த ஜாக்கெட்டும் தூக்காது. நுரையைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் அது முழுசாக வேலை செய்யும், அதற்காகவே அதை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். துடுப்பும் அப்படித்தான், நுரையில் பிடிப்பே கிடைக்காது, அடியில் உள்ள கெட்டி நீரைத் தேடித்தான் போட வேண்டும்.

படகு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், பாறையில் இடித்தாலும் உடையாமல் நெளியும். இடுப்பைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட் என்ற நியோபிரீன் ரப்பர் பாவாடை, நீர் உள்ளே வராமல் மூடும். அதன் முன்பக்க இழுவளையம் வெளியே தெரிகிறதா என்று கிளம்பும் முன் கையால் தொட்டுப் பார்ப்பார்கள், தலைகீழாகக் கவிழ்ந்தால் அதை இழுத்துத்தான் வெளியே வர முடியும். தொடையும் இடுப்பும் படகோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால், கவிழ்ந்தாலும் இடுப்பைச் சொடுக்கி நிமிர்ந்துவிடலாம்.

சரி, எல்லா ஹோலும் விடாப்பிடியா என்றால் இல்லை. ஆற்றின் குறுக்கே ஹோல் போடும் நுரைக்கோட்டின் இரண்டு முனைகளும் ஆறு ஓடும் திசையில் வளைந்திருந்தால் ஓட்டம் உங்களை ஓரத்துக்குத் தள்ளி வெளியே விடும். முனைகள் எதிர்த்திசையில் வளைந்திருந்தால் நடுவிலேயே வைத்துக்கொள்ளும்.

இப்போது நம்மூர்த் தடுப்பணையைப் பாருங்கள். கரைக்குக் கரை நேர்கோடு, இரு பக்கமும் சுவர். இயற்கையான பாறையில் எங்காவது இருக்கும் விரிசலும் கோணலும் இங்கே கிடையாது, சக்கரம் ஆற்றின் முழு அகலத்துக்கும் ஒரே சீராகச் சுற்றுகிறது, ஓரமாக ஒதுங்கி வெளியேற வழியே இல்லை. ஒரு ஆள் உயரம்கூட இல்லாத அணையும் வெள்ளம் போகும்போது இப்படி ஆகிவிடும். அடுத்தடுத்து மூன்று பேர், ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதித்து மூழ்கினார்கள் என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சக்கரம்தான் நினைவுக்கு வருகிறது. குதிப்பவரையும் அதே நீர்தான் இழுக்கிறது. கயாக் குழுவில் ஒவ்வொருவரும் 15, 20 மீட்டர் மிதக்கும் கயிறு அடைத்த பையை வைத்திருப்பது கரையிலிருந்து வீசத்தான்.

இன்னொன்று, மேலேயிருந்து படகில் வருகிறவருக்கு விழும் நீரும் நுரையும் தெரியவே தெரியாது. அமைதியான நீர்ப்பரப்பு ஒரு நேர்கோட்டில் முடிவது மட்டும்தான் தெரியும். அந்தக் கோட்டைத் தூரத்தில் கண்டதுமே கயாக்காரர்கள் கரை ஒதுங்கிவிடுகிறார்கள்.