ஆஸ்பத்திரியில் திடீரென மாறிப்போகும் பெரியவர்கள்

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு முதியவர், இரண்டாம் நாள் ராத்திரி டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். மகளைப் பார்த்து "நீ யாரு?" என்கிறார். வயசாகிவிட்டது, மறதி நோய் வந்துவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. இப்படிச் சில மணி நேரத்தில் வந்து, காலையில் தெளிந்து மாலையில் மறுபடி குழப்புவது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம்.

இதில் முதலில் தடுமாறுவது கவனம். கவனத்தை நிலைநிறுத்த மூளைக்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். வயதாக ஆக அது குறைகிறது. அந்த நிலையில் நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், உடம்பில் எழும் அழற்சி மூளையையும் பாதிக்கிறது. சோடியம் குறைவு, நீரிழப்பு, வலி, தூக்கமின்மை, ஏன், மலச்சிக்கல்கூடப் போதும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் அசிட்டைல்கோலினின் வேலையையே தடுப்பவை. பல தூக்க மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும்.

கூச்சல் போடுபவரை வார்டே கவனிக்கும். எனக்குக் கவலை, பேசாமல் சுருண்டு கிடப்பவரைப் பற்றித்தான். "தொந்தரவு இல்லாம தூங்குறார்" என்று விட்டுவிடுவோம். அதுவும் டெலிரியம்தான், முதியவர்களிடம் அதிகம் காணப்படும் வகையும் அதுதான். சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போகாது, படுக்கைப் புண் வரும், நிமோனியா வரும். எந்த வகையானாலும் உயிரிழப்பு அபாயமும், பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுகின்றன.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஷாரன் இனோயே குழுவினர் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பிரிவினருக்குக் கூடுதல் கவனிப்பு; புது மருந்து எதுவும் இல்லை. கண்ணாடியும் காது மிஷினும் கையில் இருக்கும்படி பார்த்தார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள், நடக்க வைத்தார்கள், இன்று என்ன கிழமை என்று சொன்னார்கள், ராத்திரி சத்தத்தைக் குறைத்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இவர்களில் 9.9 சதவீதம் பேருக்கே வந்தது. ஆனால் ஒருமுறை வந்தபின் அதே கவனிப்பால் அதன் தீவிரம் பெரிதாகக் குறையவில்லை. அதனால் அட்மிஷன் அன்றைக்கே இதையெல்லாம் தொடங்கிவிட வேண்டும்.

நம் ஊரில் கூடவே தங்கும் அட்டெண்டர் வீட்டு ஆள்தான். பெரியவர் எப்போதும் எப்படிப் பேசுவார் என்பது டாக்டரைவிட அவருக்குத்தான் தெரியும். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் தொலைந்துபோனால், "நேற்றுவரை இப்படி இல்லை" என்று நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக் காட்டுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாலும், சிலருக்கு முழுத் தெளிவு வர வாரங்கள் ஆகும்.