இல்லாத ரோடும் ஓர் அடைப்புக்குறியும்

சில வருடங்களுக்கு முன் நில வரைபட மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். அடியில் இருக்கும் தெருக்கள் தெரிய வேண்டும் என்பதால் எல்லாமே பாதி ஒளிபுகும் நிறங்கள். ஒருநாள் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது: “இந்த ரெண்டு பகுதிக்கும் நடுவுல ஒரு ரோடு காட்டுறீங்க, அங்க ரோடே கிடையாது.”

போய்ப் பார்த்தால் உண்மைதான். எல்லையில் ஒரு பிக்சல் அகலத்துக்கு இருண்ட கோடு. ஆனால் எங்கள் கணினிகளில் அது தெரியவில்லை, அவருடைய கிராபிக்ஸ் கார்டில் மட்டும்தான். உடனே எல்லோரும் சொன்னது, “டிரைவர் பக்”, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில் பிழை. நானும்தான் சொன்னேன்.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஒரு சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டி இரண்டு முக்கோணமாக்குங்கள். மூலைகள் (0,0), (4,0), (4,4), (0,4) என்றால், மூலைவிட்டம் (0.5,0.5), (1.5,1.5) என்று நான்கு பிக்சல்களின் மையத்தில் சரியாகப் போகிறது. அந்த நான்கும் எந்த முக்கோணத்துக்குச் சொந்தம்? இரண்டுக்குமே என்றால் பாதிக் கருப்பு அங்கே இரண்டு முறை விழுந்து முக்கால் கருப்பாகிவிடும். இரண்டுக்கும் இல்லை என்றால் ஓட்டை. சதுரத்தில் உள்ள இதே சிக்கல்தான் எங்கள் வரைபட எல்லையிலும்.

கிராபிக்ஸ் கார்டுகள் எப்படி வரைய வேண்டும் என்று சொல்லும் பொதுத் தரம் ஓப்பன்ஜிஎல். அதன் விவரக்குறிப்பு இதற்குப் பதில் சொல்கிறது: பொது விளிம்பின் மேல் மையம் விழும் பிக்சலை இரு பலகோணங்களில் ஒன்று, ஒன்றே ஒன்றுதான், உருவாக்க வேண்டும். இந்த வாக்கியத்தைக் காட்டித்தான் கார்டு தயாரிப்பாளருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினோம். சோதனைக்கு ஒரு சின்ன நிரலும் அனுப்பலாம் என்று உட்கார்ந்தபோது, அந்த விதியைக் கணங்களாக எழுதிப் பார்த்தேன். பள்ளியில் படித்த அதே கணங்கள்தான். முதல் முக்கோணம் தரும் பிக்சல்கள் ‘அ’, இரண்டாவது தருபவை ‘ஆ’, முழுச் சதுரம் ‘ச’. அ, ஆ இரண்டின் வெட்டு வெற்றுக்கணம், சேர்ப்பு ‘ச’. மொத்தமே இரண்டு வரி.

இப்படி எழுதும்போது ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது: இது எப்போது உண்மை? முன்நிபந்தனை (விதி பொருந்த முதலில் எது உண்மையாக இருக்க வேண்டும்) என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். நிரப்புவதற்காக மூல வாக்கியத்துக்குத் திரும்பினேன். அங்கே, அடைப்புக்குறிக்குள், எங்களில் ஒருவர்கூடக் கவனிக்காத ஒரு சொற்றொடர்: முனைகள் முற்றிலும் ஒன்றாக இருக்கும் பொது விளிம்பு.

எங்கள் முனைகள் ஒன்றாக இல்லை. ஒரு பகுதியை இடம் மிச்சம் பிடிக்க 16 பிட் எண்களில் சேமித்திருந்தோம், பக்கத்துப் பகுதி 32 பிட்டில் இருந்தது. பார்வைக்கு ஒரே புள்ளி, எண்ணில் கொஞ்சம் தள்ளி. எங்கள் கார்டுகள் இரண்டையும் தோராயமாக்கி ஒரே புள்ளியாக எடுத்துக்கொண்டன. வாடிக்கையாளரின் கார்டு பிக்சலை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பது, அதனால் வித்தியாசத்தைக் கண்டுகொண்டது. நல்ல கார்டைத்தான் திட்டியிருக்கிறோம்!

கிராபிக்ஸ் தரங்களைக் கணிதமாக எழுதலாம் என்ற யோசனை புதிதல்ல. கணினி வரைகலையின் முதல் சர்வதேசத் தரமான ஜி.கே.எஸ். 1985இல் ஐ.எஸ்.ஓ. 7942 என்று வெளியானது. அந்த எண்பதுகளிலேயே இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகத்தில் டேவிட் டியூஸும் உடன் பணியாற்றியவர்களும் ஜி.கே.எஸ்.ஸிலிருந்து ஒரு சிறிய பகுதியை எடுத்து முறைசார் மொழியில், அதாவது விதிகளைக் கணிதக் குறியீடுகளாக எழுதும் மொழியில், எழுதிப் பார்த்தார்கள். ஐ.பி.எம்.மின் வியன்னா ஆய்வகத்தில் பிறந்த வி.டி.எம்., ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்த இசட் இரண்டும் அப்போது பேசப்பட்ட மொழிகள்.

ஜி.கே.எஸ். இதற்குப் பாதி தோதான ஆசாமி. அதற்கு ஐந்து இயக்க நிலைகள் உண்டு: மூடியது, திறந்தது, பணிநிலையம் (திரை, பிளாட்டர் போன்ற சாதனம்) திறந்தது, பணிநிலையம் செயலில் இருப்பது, துண்டு (சேமித்து வைக்கும் படப்பகுதி) திறந்திருப்பது. தொடர்கோடு வரைய வேண்டுமானால் கடைசி இரண்டில் ஒன்றில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு புள்ளி கொடுக்க வேண்டும். ஒரே புள்ளி கொடுத்தால் 100ஆம் எண் பிழை. இதையெல்லாம் முன்நிபந்தனையாக எழுத ஒரு மதியம் போதும். மீதிப் பாதிதான் தொல்லை. ‘கோடு வரையப்பட்டது’ என்பதற்குப் பின்நிபந்தனை (வேலை முடிந்தபின் உண்மையாக இருக்க வேண்டியது) என்ன? காகிதத்தில் பேனாவால் வரையும் பிளாட்டரில் பிக்சலே கிடையாது, திரையில் கிடைக்கும் பிக்சல் அளவும் சாதனத்துக்குச் சாதனம் வேறு.

இங்கே ஆர்வக்கோளாறில் பலர் செய்யும் தவறு, ஒரு அல்காரிதத்தையே விதியாக எழுதி வைப்பது. பிரெசன்ஹாம் 1965இல் வெளியிட்ட முறை இருக்கிறதே, அதைப் போட்டால் துல்லியம்தானே என்பார்கள். துல்லியம்தான், ஆனால் அப்புறம் வேறு வழியில் வேகமாகக் கோடு போடும் வன்பொருள் எல்லாம் விதிமீறலாகிவிடும்.

மார்க் சீகல், கர்ட் ஏக்லி இருவரும் எழுதிய ஓப்பன்ஜிஎல் விவரக்குறிப்பை (முதல் பதிப்பு 1992) நான் ரசிப்பது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு பிக்சல் மையத்தையும் சுற்றி ஒரு வைரவடிவம். கோடு எந்த வைரத்தைவிட்டு வெளியேறுகிறதோ அந்தப் பிக்சல் எரியும். கோடு வைரத்துக்குள்ளேயே முடிந்துவிட்டால் அது எரியாது. அடுத்த கோடு அங்கிருந்து புறப்படும்போது எரித்துக்கொள்ளும். முனை சரியாக வைரத்தின் விளிம்பில் விழுந்தால்? முனைகளை எப்சிலான், எப்சிலானின் வர்க்கம் என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்தி அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்படியே செய்ய வேண்டாம் என்கிறார்கள்! வைர விதி தருவதிலிருந்து எந்தப் பிக்சலும் ஒரு அலகுக்கு மேல் விலகக் கூடாது, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் மாறக் கூடாது, படுக்கைவாட்டில் அதிகம் ஓடும் கோடு ஒரே நெடுவரிசையில் இரண்டு பிக்சல் போடக் கூடாது; அதற்குள் உங்கள் இஷ்டம். இசட்டில் எழுதவில்லை, சாதாரண ஆங்கிலம்தான். இருந்தும் என் கணக்கில் அது முறைசார் விவரிப்புதான்.

மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி வேறு வழியில் போகிறது. விளிம்புப் பிக்சல் மேல் விளிம்பிலோ இடது விளிம்பிலோ இருந்தால்தான் முக்கோணத்துக்குச் சொந்தம் என்று நேரடியாக விதி போட்டுவிடுகிறது. சோதிப்பது சுலபம். ஓப்பன்ஜிஎல்லில் யாருக்குச் சொந்தம் என்று சொல்லவே முடியாது, இருவரில் ஒருவருக்கு மட்டுமே சொந்தம் என்றுதான் சொல்லலாம். ஒரு கார்டில் எடுத்த படத்தை இன்னொன்றின் படத்தோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டுச் சோதனை எழுதும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். அந்தத் தரமே தான் பிக்சல் துல்லியமானதல்ல என்று பின்னிணைப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஒப்பிட வேண்டியது படத்தை அல்ல, வெட்டும் சேர்ப்பும் போன்ற பண்புகளை.

இது பழைய கதையும் இல்லை. ஆயிரக்கணக்கான இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் சிறு வேலைகள்) ஒரே நினைவகத்தைத் தொடும் இன்றைய ஜி.பி.யு.வில், அதாவது கிராபிக்ஸ் கார்டின் செயலியில், யார் எழுதியதை யார் எப்போது பார்ப்பார் என்பது பிக்சல் சொந்தத்தைவிடப் பெரிய தலைவலி. அதனால் ஓப்பன்ஜிஎல்லுக்குப் பின் வந்த வல்கன் தரத்தின் நினைவக மாதிரியை, அதாவது இதற்கான விதிகளை, உரைநடையோடு சேர்த்து, அலாய் என்ற முறைசார் மொழியிலும் இந்தத் தரங்களைப் பராமரிக்கும் க்ரோனோஸ் குழுமம் வெளியிட்டிருக்கிறது. அலாயில் எழுதினால், விதிக்கு முரணான சிறிய உதாரணம் இருக்கிறதா என்று இயந்திரமே தேடிப் பார்க்கும்.

முழுத் தரத்தையும் எழுதச் சொல்லவில்லை, யாருக்கு நேரம் இருக்கிறது? அடுத்த முறை “டிரைவர் பக்” என்று வாயில் வரும்போது, அந்த ஒரு விதியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். முன்நிபந்தனையைக் காலியாக விடாதீர்கள்.

எங்கள் திருத்தம் கடைசியில் ஏழே வரி: எல்லைப் புள்ளிகளை ஒரே பட்டியலில் வைத்து, இரு பகுதிகளும் அதையே சுட்டும்படி செய்தோம். ரோடு மறைந்தது. கார்டு தயாரிப்பாளருக்கு இன்னொரு கடிதமும் எழுத வேண்டியிருந்தது, அது முதல் கடிதத்தைவிடச் சின்னது.