ஹார்ன்: கூம்பா, கொம்பா?

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்கு ஸ்பீக்கர் செய்கிறார். தாழ்ந்த ஒலிகளைத் தரும் 15 அங்குல வூஃபருக்குப் பெட்டி அடித்தாயிற்று. மேல் ஒலிகளுக்குக் கம்ப்ரஷன் டிரைவரும் வாங்கியாயிற்று. அதன் வாயில் மாட்டி ஒலியை விரித்து வெளியே விடும் ஹார்ன் ஒன்றுதான் பாக்கி. எதை வாங்குவது என்று தமிழில் தேடிப் படித்தவருக்கு எங்கு பார்த்தாலும் 'கூம்பு' என்றே கண்ணில் பட்டிருக்கிறது. அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு கோவையில் ஒரு கடைக்குப் போய், "ஒரு இஞ்ச் யூனிட்டுக்குக் கூம்பு இருக்குங்களா?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் உள்ளே போய், கிழிந்த வூஃபருக்கு மாற்றி ஒட்டும் காகிதக் கோனை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "கூம்புன்னா இதுதானுங்களே. ஏனுங்க, உங்களுக்குக் கொழாய் வேணுமுங்களா?"

கடைக்காரர் சொன்னது சரி. கோன் என்றால் கூம்பு என்று பள்ளிக் கணக்கிலேயே படித்தோம். வூஃபரின் காகிதம் கூம்பு, ஹார்னும் கூம்பு என்றால் ஒரே பெட்டியில் இரண்டு கூம்புகள். எது எதனோடு பேசுகிறது என்று எப்படி எழுதுவது?

இந்தக் குழப்பம் செய்தித்தாளில் தொடங்கியது என்பது என் எண்ணம். நோன்பி, திருவிழா வந்துவிட்டால் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்குத் தடை' என்று செய்தி வரும். அங்கே 'வடிவ' என்ற சொல்லாவது இருந்தது. பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்கான அடைமொழி அது. ஸ்பீக்கர் பற்றித் தமிழில் எழுதிய மொழிபெயர்ப்பாளர்கள் 'வடிவ'த்தையும் 'ஒலிபெருக்கி'யையும் வெட்டிவிட்டு, மிச்சம் நின்ற கூம்பைப் பொருளின் பெயராக்கிவிட்டார்கள்.

ஹார்ன் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாட்டுக் கொம்புக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். லத்தீனின் கார்னு அதற்கு உறவு. கொம்பின் நுனியை வெட்டி ஊதினார்கள், ஊதும் கருவிக்கும் அதே பெயர் ஆயிற்று. பிறகு கிராமபோனின் வாய்க்கு, பிறகு ஸ்பீக்கருக்கு. தமிழிலும் இந்தப் பாதையில் முக்கால்வாசி நாமே நடந்து முடித்ததுதான். மாட்டுக்கும் கொம்பு, ஊதுவதற்கும் கொம்பு. சங்க காலத்தில் ஊதுகொம்புக்கு வயிர் என்று தனிப்பெயரே இருந்தது. கோடு என்ற சொல் கொம்பையும் குறிக்கும், ஊதும் சங்கையும் குறிக்கும். கொங்கு நாட்டில் கோயில் நோன்பிக்குத் தாரை தப்பட்டையோடு இன்றும் கொம்பு ஊதுகிறார்கள். எஞ்சியது ஸ்பீக்கர் வரை ஓர் எட்டு. அதை எடுத்து வைக்கத்தான் நமக்குக் கூச்சம்.

கூம்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கூம்புதல் என்றால் குவிதல், ஒடுங்குதல். சாயங்காலம் தாமரை கூம்பும். கையைக் கூப்புவதும் இந்த வினைதான். ஹார்ன் செய்வதோ நேர் எதிரான வேலை. சின்னத் துளையிலிருந்து வரும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து அறைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. விரிவதுதான் அதன் உயிர். அதற்குப் போய்க் குவிவதன் பெயரை வைத்திருக்கிறோம்.

அடுத்தது இன்னும் மோசம். ஹார்னின் விரிவுக் கணக்கை வெப்ஸ்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1919இல் எழுதினார். அதிலிருந்து பார்த்தால், கூம்பு ஹார்னின் பல வடிவங்களில் ஒன்று மட்டுமே. பக்கங்கள் நேர்க்கோடாக விரிந்தால் அது கூம்பு. சீரான விகிதத்தில் பெருகிப் பெருகி விரிந்தால் அடுக்குக்குறி (எக்ஸ்பொனென்ஷியல்) வடிவம். டிராக்ட்ரிக்ஸ் வேறு வளைவு. கோயில் மரத்தில் கட்டும் குழாயைக் கிட்டே போய்ப் பாருங்கள், வாயோரம் ஊமத்தம்பூப் போல மலர்ந்திருக்கும். நேர்ப்பக்கம் எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் கூம்பு என்று பேர் வைத்துவிட்டு, உண்மையான கூம்பு வரும்போது 'கூம்புக் கூம்பு' என்று எழுதுவார்களா? கொம்பு என்று வைத்துக்கொண்டால் கூம்புக் கொம்பு, அடுக்குக்குறிக் கொம்பு, டிராக்ட்ரிக்ஸ் கொம்பு என்று தானாகப் பிரிந்துவிடும்.

வாங்குபவருக்கு இந்த வேறுபாடு காசு. அடுக்குக்குறிக் கொம்பு தாழ்ந்த எல்லை வரைக்கும் டிரைவருக்குக் காற்றின் மேல் நல்ல பிடிப்புக் கொடுக்கும், ஆனால் சுருதி ஏற ஏற ஒலிக்கற்றை குறுகும். கூம்புக் கொம்பு ஒலி பரவும் கோணத்தை மாறாமல் காக்கும், தாழ்ந்த ஒலிகளில் பிடிப்புக் குறைவு. இரண்டையும் சமாளிக்கத்தான் 1970களில் டான் கீல் போன்ற பொறியாளர்கள் மாறாக் கோணக் கொம்புகளை வகுத்தார்கள். பொதுவாகக் 'கூம்பு வாங்குங்கள்' என்று எழுதியவர் இதில் எதைச் சொன்னார்?

கொம்பு என்றால் உறுப்புப் பெயர்களும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. டிரைவர் மாட்டும் பக்கம் தொண்டை, விரியும் பக்கம் வாய். மைத்துனரிடம் இந்தச் சொற்களில்தான் பேசினேன். முதலில் தொண்டை: ஒரு அங்குலத் துளை கொண்ட டிரைவருக்கு ஒரு அங்குலத் தொண்டை. மரை போட்டு முடுக்கும் வகையா, போல்ட் வகையா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வாய்: 500 ஹெர்ட்ஸ் வரை பிடிப்பு வேண்டுமென்றால் வாயின் சுற்றளவு ஏறக்குறைய ஓர் அலைநீளம், அதாவது 69 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். வட்ட வாய் என்றால் 22 சென்டிமீட்டர் விட்டம். வூஃபரும் டிரைவரும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் இடமான கிராஸ்ஓவரை அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலே தள்ளி வைப்பது நல்லது. கடைசியாகக் கோணம்: 15 அங்குல வூஃபரின் ஒலி பரவும் அகலம் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் 90 பாகை அளவுக்குக் குறுகிவிடும், கொம்பும் அங்கே அதே அகலத்தில் தொடங்கினால் ஒட்டுப்போட்டது தெரியாது. சத்தத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு வாட்டுக்கு 105 டெசிபலைத் தாண்டும் டிரைவரை வூஃபரின் அளவுக்கு அடக்கத்தான் சிரமப்பட வேண்டும்.

'கொம்பு என்றால் மாடு ஞாபகம் வருமே, சிரிப்பார்களே' என்பார்கள். வரட்டும். காங்கேயம் காளையின் கொம்பைப் பாருங்கள், நுனியில் ஒடுங்கி அடியில் பருத்து வளைந்திருக்கும். ஹார்ன் வடிவத்துக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. 'அவனுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?' என்று கேட்கிற ஊரில் இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். கொம்பு என்று எழுதுவதற்கே முதலில் ஒற்றைக் கொம்பு போட்டாக வேண்டும், அது தனி அழகு.

இன்னொரு கூட்டம் 'ஒலிப்பான்' என்கிறது. அது பஸ்ஸிலும் லாரியிலும் இருப்பது. தானே சத்தம் போடுவது ஒலிப்பான். நம் ஹார்ன் தானாக ஒன்றும் ஒலிக்காது, டிரைவர் தருவதை விரித்துக் கொடுப்பதோடு சரி. டிரைவருக்கு நடந்த கொடுமையும் சொல்ல வேண்டும். கம்ப்ரஷன் டிரைவரை 'சுருக்க ஓட்டுநர்' என்று போட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். குட்டையான ஆள் ஸ்டியரிங் பிடித்திருப்பதுதான் மனதில் வருகிறது. 1926இல் வெண்டே, துராஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் பேசும் படத்துக்காகச் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 என்ற டிரைவரிலிருந்து இன்றுவரை அதன் வேலை ஒன்றுதான்: அகலமான சவ்வு முன்னே இருக்கும் காற்றைச் சின்னத் துளை வழியாக அமுக்கித் தள்ளுகிறது. அமுக்க இயக்கி என்று எழுதலாம். சுருக்கம் சட்டையில் விழுவது. பொருளைத் திறந்து பார்க்காமல் அகராதியை மட்டும் திறந்து பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

மைக்செட்காரர்கள் இந்த வம்பே வைத்துக்கொள்வதில்லை. டிரைவர் அவர்களுக்கு 'யூனிட்', ஹார்ன் 'குழாய்'. குழாய் விரிய வேண்டியதில்லை என்பதால் எழுத்தில் எனக்குக் கொம்புதான் பிடிக்கிறது. ஆனால் கூம்பா குழாயா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு குழாய் என்பேன். அதில் ஒரு வழியாவது திறந்திருக்கிறது. மைத்துனர் மறுவாரம் அதே கடைக்குப் போய் 'கொழாய்' என்று கேட்டு, 90க்கு 40 பாகைக் கொம்பு இரண்டு வாங்கிவந்தார். பில்லில் 'ஹார்ன் 2' என்று இருந்தது.